கான்ஃபரன்ஸ் தாவல்களைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்த அணி எந்தக் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது ஒன்றோடொன்று ஆடி டிவி பணத்தைப் பங்கிடும் கல்லூரிகளின் கூட்டமைப்புக்கு, தாவும் என்று புதிதாகக் கணிக்க வருகிறவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த தப்புகளை அப்படியே செய்கிறார்கள். வதந்தியை நம்பாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

வெளியேறும் கட்டணத்தை மட்டும் பார்ப்பது

போன வாரம்கூட ஒரு தம்பி, "கட்டணத்தைக் கட்டிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே அண்ணா?" என்று கேட்டான். 2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி. என்ற இன்னொன்றுக்குப் போவது உறுதியானபோது நானும் இதையே நினைத்து, அடுத்த சீசனே அங்கே ஆடுவார்கள் என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். பூட்டு வேறு இடத்தில் இருந்தது. கிராண்ட் ஆஃப் ரைட்ஸ் என்ற ஒப்பந்தத்தில், கல்லூரி தன் மைதானத்து ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அணி போகலாம், உரிமை கூடப் போகாது. டிவிக்கு விற்க ஆட்டம் இல்லாத அணியை எவர் சேர்ப்பார்? பிக் 12-இல் அந்தப் பூட்டு 2025 வரை. ஒரே ஒரு வருஷம் முன்னதாக, 2024-இல் கிளம்ப இருவரும் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள்.

சரி, மேற்குக் கரை அணிகளின் பாக்-12 கான்ஃபரன்ஸ்? அங்கே ஒப்பந்தம் 2024-இல் தானாகவே முடிந்தது. அங்கிருந்த லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகளான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் 2022 ஜூன் 30 அன்று, 2024-இல் பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போகிறோம் என்று அறிவித்த தேதிக்கணக்கு அதுதான். அதே கதவு மற்ற பத்து அணிகளுக்கும் திறந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. ஒரு வருஷம் கழித்து முதலில் கொலராடோ போனது. மிச்சம் ஒன்பது. 2023 ஆகஸ்ட் 4 காலை, அந்த ஒன்பதும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன், காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. அன்று இரவுக்குள் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டனும் ஒரெகனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. 1915-இல் வேர்விட்ட கான்ஃபரன்ஸ் ஒரே நாளில் நான்கு அணிகளாகச் சுருங்கியது. இதைத் துரோகம் என்று இன்னமும் திட்டுகிறவர்கள், ஒப்பந்தம் முடியும் வருஷத்தை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

பார்ப்பதையும் பழைய தாளில் பார்க்காதீர்கள். ஏ.சி.சி. என்கிற அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் 2036 வரை பூட்டியிருக்கிறது என்று இப்போதும் ஒப்பிக்கிறார்கள். அதன் உறுப்பினர்களான ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன் ஆகியவற்றுடனான வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமான பிறகு, கட்டணத்தைக் கட்டினால் உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம். கட்டணமும் படிப்படியாக இறங்கி 2030-31-இல் 7.5 கோடி டாலராகிறது.

வரைபடத்தை நம்புவது

மேற்குக் கரையில், கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு இப்போது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது.

எல்லோருக்கும் ஒரே பங்கு என்று எண்ணுவது

இல்லை. ஒரெகனும் வாஷிங்டனும் குறைந்த பங்குக்குச் சம்மதித்தே உள்ளே போயின. டெக்சஸ் மாநிலத்து எஸ்.எம்.யூ. கல்லூரி ஒன்பது வருஷம் ஏ.சி.சி.யின் டிவி பணமே வேண்டாம் என்று சேர்ந்தது.

ஃபுட்பாலோடு நிறுத்திக்கொள்வது

ஃபுட்பால் வாரத்துக்கு ஒரு ஆட்டம், சமாளிக்கலாம். ஆனால் கல்லூரியின் மற்ற அணிகளும் கூடவே தாவுவதால், வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் வாஷிங்டன் பெண்களும் சியாட்டிலிலிருந்து இன்னொரு பிக் டென் அணி இருக்கும் நியூ ஜெர்சிக்குக் கிட்டத்தட்ட 3,800 கிலோமீட்டர் பறக்கிறார்கள், மறுநாள் தேர்வுக்கான புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு.