பழைய பைபர் வள்ளத்தின் பின்பலகை உக்கினால்: மலையகத்தில் சரிசெய்யும் முறை

கடலில் பல வருடம் உழைத்த பைபர் வள்ளம் கைமாறி, லொறியில் ஏறி மலையகத்து நீர்த்தேக்கங்களான காசல்ரீக்கோ மவுசாகலைக்கோ வந்துசேர்கிறது. பெயின்ட் பளபளக்கும். ஆனால் எஞ்சின் மாட்டும் பின்பலகை முழுக்க பைபர் இல்லை. இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் இருக்கும். அதுதான் உக்கும். கடல் உப்பு, மரத்தைத் தின்னும் பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும். மழைத் தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும் மழையில் வாய் திறந்து கிடக்கிற வள்ளம், கடலில் கெட்டதை விட இங்கே வேகமாகக் கெடும்.

அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டமும் இறங்கியிருக்கும் காலம், வள்ளம் எப்படியும் கரையில்தான் கிடக்கும்.

முதலில் தட்டிப் பாருங்கள்

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பின்பலகையை மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும், உக்கிய இடம் 'பொத்' என்று மந்தமாக. அந்த எல்லையைச் சோக்கால் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் உட்பக்கமிருந்து 5 மில்லிமீற்றர் பிட்டால் நாலைந்து துளை போடுங்கள், வெளித்தோல் வரை போகாமல். வெளிறிய, காய்ந்த தூள் வந்தால் மரம் நலம். கறுத்து, ஈரமாகப் பிட்டில் ஒட்டிக்கொண்டு, பழைய சாக்கு வாடை அடித்தால் அந்த இடம் போய்விட்டது. தண்ணீர் வடியும் துளை, எஞ்சின் போல்ட் துளை, பலகையின் மேல் விளிம்பு: கேடு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் தொடங்கும்.

துளை போட்டு ரெசினை (பைபர் வேலைக்குப் பூசும், இறுகும் திரவத்தை) ஊற்றினால் மரம் இறுகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஈர மரம் ரெசினைக் குடிக்காது. எஞ்சினின் இழுவையைத் தாங்க வேண்டிய பலகைக்கு அந்த வைத்தியம் வேண்டாம்.

உட்பக்கமாகத் திறப்பது

வெட்டுவதற்கு முன் வள்ளத்தை மட்டமாக வைத்து, அடியிலும் இரு பக்கத்திலும் முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் விரிந்துவிடும், பிறகு புதுப் பலகை பொருந்தாது. கிரைண்டரால் உள்தோலை மட்டும் வெட்டுங்கள். வெளித்தோலில் கைவைக்காதீர்கள், அதுதான் உங்கள் அச்சு. ஓரத்தில் மூன்று அங்குலம் விட்டு வெட்டினால் மறுபடி ஒட்ட இடம் கிடைக்கும். உக்கிய மரத்தை உளியால் சுரண்டி எடுங்கள். கறுப்பு தெரியும் இடத்தைத் தாண்டி, நல்ல மரம் வரும்வரை போக வேண்டும். பைபர் தூள் நுரையீரலுக்குப் பகை. மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

காயவைத்தல்

ஆரம்பக்காரர்கள் அவசரப்படுவது இங்கேதான். மேலே படங்கு கட்டுங்கள், ஆனால் இரு பக்கமும் காற்று போகட்டும். இறுக்கி மூடினால் உள்ளே வேர்க்கும். மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கும்போது ஈரம் திரும்பவும் ஏறும். பெரிய பல்பு ஒன்றை உள்ளே எரியவிடலாம். ரெசின், அசிட்டோன் டப்பா எதுவும் திறந்திருக்கக் கூடாது, அவற்றின் ஆவி தீப்பிடிக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: ஒரு சாண் அகல பொலித்தீன் துண்டை உட்பரப்பில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, வெயில் படும்படி விடுங்கள். சாயங்காலம் உள்ளே நீர்த்துளி பூத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். துளி பூக்காமல் இருந்தால்தான் அடுத்த வேலை.

எந்த ரெசின்?

கடற்கரையில் எல்லாரும் பொலியெஸ்டர் ரெசின்தான் போடுகிறார்கள். விலை குறைவு, அங்கே சூடும் உண்டு. இங்கே வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே இறங்கினால் அது சரியாக இறுகாது, மரத்தில் பிடிப்பும் குறைவு. என் தெரிவு எபொக்சி. பழைய பொலியெஸ்டர் மேல் எபொக்சி நன்றாகப் பிடிக்கும். எபொக்சி மேல் பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே எபொக்சியில் தொடங்கினால் அதிலேயே முடியுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள், டப்பாவில் போட்ட விகிதம்தான் கணக்கு. சாதாரண மெட்டுக்கு (நறுக்கிய பைபர் இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) பதிலாக நெய்த பைபர் துணி வாங்குங்கள். மெட்டிலுள்ள பசை எபொக்சியில் கரையாது.

பொலியெஸ்டர்தான் கைக்கெட்டுகிறது என்றால், ஹார்டனரை 1 முதல் 2 சதவீதத்துக்குள் வையுங்கள். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபோல்ட் திரவத்தைத் தனிப் போத்தலில் கொடுத்தால் அதை ஹார்டனரோடு நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபோல்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் ஹார்டனர். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புதுப் பலகை

காட்போட்டில் வடிவம் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். பழைய பலகையின் தடிப்பை அளந்து அதே தடிப்புக்கு வாருங்கள். 36 மில்லிமீற்றர் என்றால் 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டலாம். ஒட்டுமுன் எல்லாப் பக்கமும் எபொக்சி பூசுங்கள், வெட்டிய ஓரங்களில் இரண்டு தரம், தண்ணீர் நுழைவது அங்கேதான். வெளித்தோலின் உட்புறத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, கெட்டியாகக் குழைத்த எபொக்சியைப் பரப்பிப் பலகையை அழுத்துங்கள். ஓரங்களில் பசை பிதுங்கி வந்தால் நடுவில் வெற்றிடம் இருக்க வாய்ப்புக் குறைவு. கிளாம்பை அளவோடு முறுக்குங்கள், பசை முழுக்க வெளியேறிவிடக் கூடாது.

மூலைகளை அதே கெட்டிப் பசையால் வளைவாக நிரப்புங்கள். மேலே மூன்று நாலு அடுக்குத் துணி, ஒவ்வொன்றும் முந்தியதை விடக் கொஞ்சம் அகலமாக, பக்கச் சுவர்களிலும் ஏறும்படி. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் மூட்டம் வருமுன் முடியும். மறுநாள் மேலே மெழுகு போல வழுவழுப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், குளிரிலும் ஈரத்திலும் எபொக்சி அப்படித்தான் வியர்க்கும். தண்ணீரும் ஸ்கொட்ச் பிரைட்டும் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகு மணல்தாள் போடுங்கள்.

போல்ட் துளையைத் தேவையை விடப் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளையுங்கள். அப்போது போல்ட் மரத்தையே தொடாது. தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பூசி முறுக்குங்கள். எஞ்சினோடு கொஞ்ச நாள் ஓடிய பிறகு அந்த போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கழற்றி, பழைய சீலன்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசி மாட்டுங்கள்.