“அக்கறை இல்லை” என்று எழுதாதீர்கள்: கள ஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு

டிசம்பரில் சமூகவியல் முதலாண்டு மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போவேன். இந்த முறையும் இரண்டு குறிப்பேடுகளில் அதே வரி: “பெற்றோருக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லை.” இருபது வருடத்துக்கு முன் நானும் எழுதிய வரி அது. படிவத்தில் வயதை விட்டுவிடுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும். இது ஆகாது.

குணத்தைக் காரணமாக்குவது

அன்று நான் போனது சேர்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் (கேரள மலையாளிகள் அல்லர்) வாழும் ஓர் ஊர். காபிப் பழம் பறிக்கும் பருவம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. அக்கறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை நம்பி ஒரு தொண்டு நிறுவனம் பெற்றோருக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியது.

மறுபடி போனபோது ஓர் அம்மா கேட்டார்: “ஏங் கண்ணு, கிலோ கணக்குலதான் கூலி. நான் காட்டுக்குப் போயிட்டா கைக்குழந்தைய யாரு பாக்குறது?”

மூத்த பெண்தான் பார்த்தாள். அந்த ஊருக்குத் தேவைப்பட்டது ஒரு பால்வாடி. செலவான பணமோ கூட்டத்துக்குப் போனது. இன்றும் எனக்கு ஆறவில்லை. பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்: நவம்பரில் வருகை சரிகிறது, பறிப்பு முடிந்ததும் நிமிர்கிறது. அக்கறை பருவத்துக்குப் பருவம் மாறுமா?

1897இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் தற்கொலையை ஆராய்ந்து நூல் வெளியிட்டதும் இதற்காகத்தான். ஒருவரின் அந்தரங்க முடிவு என்று நாம் நினைப்பதிலும், மணமானவர், மணமாகாதவர், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று விகிதம் வேறுபடுவதை எடுத்துக் காட்டினார். விகிதம் மாறினால் காரணத்தை மனசுக்கு வெளியிலும் தேட வேண்டும்.

நம் சேலத்தையே பாருங்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேதான் தொடங்கியது. “கல்நெஞ்சத் தாய்கள்” என்று இப்போதும் சிலர் பேசுகிறார்கள். கல்நெஞ்சுதான் காரணம் என்றால் ஆண் குழந்தைக்கும் அதே கதி வந்திருக்க வேண்டுமே. வரதட்சணையைக் கேளுங்கள், சொத்து யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். அப்புறம் தாயைப் பற்றி எழுதலாம்.

சராசரியை ஆள்மேல் ஏற்றுவது

ஊரில் பத்தில் ஆறு பேர் படிக்கவில்லை என்றால், எதிரில் இருப்பவர் படிக்காதவர் என்று ஆகிவிடாது.

கொலுசுப் பட்டறையில் முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கூலியைக் கேட்பது

வேண்டாம். சாயங்காலம் வீட்டில் போய்க் கேளுங்கள்.

அந்த இரண்டு மாணவர்களிடமும் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரிடம் கேட்டு, போன வருடப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள்.