புது ட்ரெய்லர் பிரேக்: மாட்டியதும் கிளம்பிவிடாதீர்கள்

புது பிரேக் ஷூ மாட்டிய கையோடு ட்ரெய்லரில் முழு பாரத்தையும் ஏற்றிக் கிளம்புவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டைதான் லைனிங். புது லைனிங், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் வளைவில் முழுதாகப் படிந்திருக்காது. மேடான இடங்கள் மட்டும்தான் உரசும். மின்சார பிரேக் என்றால் உள்ளே ஷூவை விரியவைக்கும் மேக்னட்டும் (மின்காந்தம்) தேய்ந்து பதிய வேண்டும். அதுவரை பிடிப்பு குறைவுதான். இழுக்கும் வண்டியின் பிரேக் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுவதால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போதுதான் உறைக்கும்.

பிரேக்கைப் பழக்குவது எளிது. போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் போய், சுமார் 30-க்குக் குறையும்வரை பிரேக் பிடியுங்கள். இப்படி 20 முதல் 30 முறை. ஆனால் அவசரப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தால் லைனிங் சூடேறிக் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகும். அப்புறம் அது பிடிக்கவே பிடிக்காது. ஒவ்வொரு முறைக்கும் நடுவே பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். கருகிய வாசனை வந்தால் நிறுத்திவிடுவது நல்லது.

பழக்கியதோடு விட்டுவிடுவது அடுத்த தவறு. லைனிங் படிந்ததும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிடும். முதல் 300 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, பின்தட்டின் துளை வழியாக, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பல்சக்கரத்தைத் திருகுங்கள். சக்கரம் சுற்றவே சிரமப்படும்வரை இறுக்கிவிட்டு, லேசான உரசல் சத்தம் மட்டும் மிஞ்சும் அளவுக்குத் தளர்த்துங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை பிரேக்குக்கு இந்த வேலை இல்லை.

இதைச் செய்யச் சோம்பல்பட்டு, இழுக்கும் வண்டியில் உள்ள பிரேக் கன்ட்ரோலரில் கெயினை, அதாவது ட்ரெய்லர் பிரேக்குக்குப் போகும் மின்சக்தியின் அளவை, கூட்டுகிறவர்கள் உண்டு. ஷூ தள்ளி நின்றால் கெயின் என்ன செய்யும்? சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே கெயினை வையுங்கள். பாரம் மாறினால் அதையும் மாற்றுங்கள். முழு பாரத்துக்கு வைத்ததோடு காலி ட்ரெய்லரை இழுத்தால் சக்கரம் பூட்டி டயர் தேயும்.

பேரிங்குக்கு கிரீஸ் அளவோடு போதும். அளவு மீறினால் சீலைத் தாண்டி லைனிங்கில் இறங்கிவிடும். கிரீஸில் ஊறிய லைனிங்கைத் துடைத்து மாட்டுவது வீண். அந்த அச்சின் இரு பக்க ஷூவையும் மாற்றத்தான் வேண்டும்.

ட்ரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சைப் பலரும் சோதிப்பதே இல்லை. வண்டியிலிருந்து மின்பிளக்கைக் கழற்றிவிட்டு, சுவிட்சில் செருகியிருக்கும் பின்னை (pin) இழுங்கள். சக்கரங்கள் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் முதலில் ட்ரெய்லர் பேட்டரியைப் பாருங்கள். சோதித்ததும் பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள். இதைப் பார்க்கிங் பிரேக்காகப் பயன்படுத்தினால் பேட்டரி காலியாகும், மேக்னட்டும் சூடாகும்.

பயணத்துக்கு நடுவே நிறுத்தும்போது ஒவ்வொரு டிரம்மின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நேரடியாகத் தொட்டுவிடாதீர்கள், கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. அதன் ஒயரையும் எர்த் இணைப்பையும் முதலில் பாருங்கள்.