குட்டிக் கடலுயிர்களைப் பார்க்க டைவ் செய்வது எப்படி?

ஸ்கூபா என்றதும் பலருக்கு ஆமையும் சுறாவும்தான் நினைவுக்கு வரும். எனக்கு நகத்தளவு உயிர்கள்தான் உயிர். பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குத் தெற்கே உள்ள அனிலாவோ அதற்குப் பேர்போன இடம். ஓடில்லாத வண்ணக் கடல் நத்தைகள் அங்கே அத்தனை வகை! ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் சென்னையிலேயே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

1. உடம்பு. ஆஸ்துமா, காது, இதயப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், காதில் அழுத்தம் சமமாகாது.

2. ஓப்பன் வாட்டர் எனப்படும் தொடக்கநிலை ஸ்கூபா பயிற்சி. வகுப்பையும் நீச்சல்குளப் பயிற்சியையும் சென்னையில் முடித்துவிட்டு, கடல் டைவ்களைப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ செய்யலாம். இதை முடித்தவர்களுக்கு 18 மீட்டர் ஆழம் வரை அனுமதி.

3. மிதப்பு. இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். குளத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். அதற்கு ஒரு முழம் மேலே, தரையைத் தொடாமல், கையை வீசாமல், ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். மூச்சை இழுத்தால் சற்று மேலே போவீர்கள், விட்டால் இறங்குவீர்கள். இந்த மாற்றம் ஓரிரு நொடி தாமதமாகத்தான் தெரியும், அதனால் பதறாதீர்கள். மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்காதீர்கள், நுரையீரலுக்கு ஆபத்து.

மூழ்குவதற்காக உடம்பில் கட்டிக்கொள்ளும் எடை குளத்தில் போதுமானதாக இருந்தாலும் கடலில் போதாது, உப்புநீர் உங்களைக் கூடுதலாக மேலே தள்ளும். சிலிண்டரில் காற்று குறையக் குறைய அதுவும் இலேசாகும். அதனால் எடையைக் கடலில் மறுபடியும் சரிபாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் ஆரம்ப டைவ் ஒன்றில் காலில் மாட்டியிருந்த துடுப்பு பட்டு மணல் கலங்கிவிட்டது. அங்கிருந்த ஒரு தவளை மீன், பின்னால் வந்த இருவருக்கும் தெரியாமலே போனது. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

4. தேடுவது. ஒரே பாறையில் பத்து நிமிடம் இருங்கள். சிறிய டார்ச் அவசியம். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே மங்கிவிடும், வெளிச்சம் பட்டால்தான் திரும்ப வரும். இரண்டு செ.மீ.கூட இல்லாத குட்டிக் கடல்குதிரை, கடல் விசிறி என்ற விசிறி வடிவப் பவளத்தின் மொட்டுகளைப் போலவே இருக்கும். 1969-இல் அது முதலில் கண்டறியப்பட்டதே, ஆய்வுக்காகக் கடல் விசிறியை மேலே கொண்டுவந்த பிறகுதான். பல சமயம் அது 18 மீட்டரைத் தாண்டி இருக்கும். அதைப் பார்க்க அட்வான்ஸ்டு பயிற்சி வேண்டும். டார்ச்சை அதன் முகத்தில் அடிக்காதீர்கள், அதற்கு இமை கிடையாது.

5. தொடாதீர்கள். குச்சியால் தள்ளிப் படமெடுக்கும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நீலவளைய ஆக்டோபஸ் உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் அதன் விஷம் ஆளைக் கொல்லும். கேமரா இருபது டைவ் தாண்டிய பிறகு போதும்.

6. மேலே வருவது. மெதுவாக வாருங்கள், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நில்லுங்கள். பல நாள் டைவ் செய்திருந்தால், கடைசி டைவ் முடிந்து குறைந்தது 18 மணி நேரம் ஆன பிறகுதான் விமானம் ஏற வேண்டும். நான் ஒரு முழு நாளே விட்டுவிடுவேன். பார்த்த நத்தைகளை அன்றைக்கு உட்கார்ந்து நோட்டில் வரைந்து வைப்பேன்.