ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புமுன் சரிபார்க்க வேண்டியவை

கட்டுரையில் யார் பெயர் வரும், எந்த வரிசையில் வரும் என்ற பேச்சை எழுதி முடித்த பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வு தொடங்கும்போதே பேசி முடிவெடுத்து, அதை மின்னஞ்சலாக எல்லோருக்கும் அனுப்பி, ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பதில் வாங்கி வையுங்கள். ஆய்வின் போக்கு மாறினால் பட்டியலையும் மறுபடி பாருங்கள். செய்தியில் அடிபடுபவர்கள் தரவைப் புனைந்தவர்கள். நேர்மையான ஆய்வாளர்கள் சிக்கிக்கொள்வதோ இப்படி வாய்மொழியாகவே விட்டுவிட்ட விஷயங்களில்.

யாரை ஆசிரியராகச் சேர்க்கலாம் என்பதற்கு, சர்வதேச மருத்துவ ஆய்விதழ் பதிப்பாசிரியர்கள் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மற்றத் துறையினருக்கும் அவை பொருந்தும். ஆய்வின் வடிவமைப்பிலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ குறிப்பிடத்தக்க பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் உள்ளடக்கத்தை அலசித் திருத்தியிருக்க வேண்டும். வெளியாகும் வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் பொறுப்பேற்கச் சம்மதிக்க வேண்டும். இவற்றில் மூன்று போதாது, நான்கும் வேண்டும். நிதி பெற்றுத் தந்தவர், கருவி கொடுத்தவர், துறைத்தலைவர் என்ற பதவியில் மட்டும் இருந்தவர் ஆகியோருக்கு நன்றியுரையில் இடம் உண்டு.

இதே விதியைத் திருப்பிப் போட்டு ஏமாற்றுவோரும் உண்டு. இரண்டு வருடம் தரவு சேகரித்த மாணவருக்கு வரைவையே காட்டாமல் விட்டுவிட்டு, "நீ எழுதுவதில் பங்கெடுக்கவில்லையே, இரண்டாவது நிபந்தனை பொருந்தவில்லை" என்பார்கள். முதல் நிபந்தனையை நிறைவு செய்தவருக்கு மற்ற மூன்றிலும் பங்கெடுக்க வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வரைவை அவருக்கு அனுப்பிய தேதி உங்கள் அஞ்சல்பெட்டியில் இருக்கட்டும்.

யார் என்ன செய்தார்கள் என்று சொல்லும் பங்களிப்பு அறிக்கையைக் கேட்கும் இதழ்கள் பலவும் ‘கிரெடிட்’ (CRediT) என்னும் வகைப்பாட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் 14 வகைப் பங்குகள் உள்ளன. இதழோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளும் தொடர்பு ஆசிரியர் ஒருவரே உட்கார்ந்து எல்லோருக்கும் நிரப்பாமல், அவரவர் பங்கை அவரவரே குறிக்கட்டும். ஒருவர் பெயருக்கு நேரே ‘நிதி திரட்டல்’ மட்டும் நின்றால் அவர் ஆசிரியர் பட்டியலில் ஏன் இருக்கிறார் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகப் போட முடியாது. பதிப்பு நெறிகளுக்கான ‘கோப்’ (COPE) குழு 2023இல் இதைத் தெளிவாக்கியது. பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும், கருவியால் அது முடியாது. எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். அது தந்த மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைகளை அது இருப்பதுபோல் காட்டும்.

அடுத்தது, ஆய்வு முறை நெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் நெறிக்குழுவின் அனுமதி. மனிதர்களோ விலங்குகளோ தொடர்புடைய ஆய்வுக்குத் தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே இதைப் பெற வேண்டும். தரவு சேகரித்த பிறகு பழைய தேதி போட்டு வாங்க வழியில்லை. மருத்துவச் சோதனை என்றால் முதல் நபரைச் சேர்க்குமுன் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். மேலே சொன்ன மருத்துவ இதழ்க் குழு இதை 2005 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தப் படியைத் தவறவிட்டால் கட்டுரை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

உங்கள் கட்டுரை ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒப்புமைச் சோதனை மென்பொருள் தரும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். மேற்கோள் பட்டியலும் வழக்கமான செய்முறை வாக்கியங்களும் சேர்ந்தாலே எண் ஏறிவிடும். 25 சதவீதம் பல இடங்களில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் அதில் ஒன்றுமில்லாமலும் போகலாம். 8 சதவீதமே என்றாலும், ஒரே கட்டுரையிலிருந்து ஒரு முழுப் பத்தி வந்திருந்தால் அது திருட்டு. ஆகவே அறிக்கையைத் திறந்து, நீளமான தொடர்ப் பொருத்தங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். சொற்களை மாற்றிவிட்டு மூலத்தைக் குறிப்பிடாமல் விடுவதும் கருத்துத் திருட்டுதான். உங்கள் பழைய கட்டுரையிலிருந்து எடுத்தாலும் அதைக் குறிப்பிடுங்கள்.

படங்களில் ஒளியையும் ஒளி-நிழல் மாறுபாட்டையும் முழுப் படத்துக்கும் ஒரே அளவில் மாற்றலாம். ஒரு மூலையை மட்டும் தெளிவாக்குவது, ஒரு கோட்டை அழிப்பது, வேறு சோதனையின் துண்டைக் கொண்டுவந்து ஒட்டுவது ஆகியவை கூடாது. இரண்டு துண்டுகளைச் சேர்த்தே காட்ட வேண்டுமானால் நடுவே கோடு போட்டு, விளக்கக் குறிப்பில் சொல்லுங்கள். கருவியிலிருந்து வந்த அசல் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள். வருடங்கள் கழித்தும் பதிப்பாசிரியர் கேட்பார். "கணினி பழுதாகிவிட்டது" என்ற பதில் அங்கே எடுபடாது.

ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள். பதில் தாமதமானால் திரும்பப் பெறுவதாக எழுதி, திரும்பப் பெறுதலை ஏற்றுக்கொண்டோம் என்ற பதில் கையில் கிடைத்த பிறகே அடுத்த இதழுக்குப் போகலாம். திரும்பப் பெறும் கடிதம் அனுப்பியதே போதும் என்று நினைத்து இரண்டு இதழ்களிலும் ஏற்கப்பட்டால் சிக்கல் இரட்டிப்பாகும். மாநாட்டில் வந்த சுருக்கம், மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்கும் முன்பதிப்புத் தளத்தில் ஏற்றிய வடிவம் இருந்தால் முகப்புக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். ஒரே தரவை மூன்றாகக் கூறுபோட்டு மூன்று கட்டுரை ஆக்கும் ஆசை வந்தால் இதை யோசியுங்கள்: ஒன்றைப் படிப்பவருக்கு மற்ற இரண்டும் தெரியாமல் போனால் முடிவு தவறாகப் புரியுமா? ஆமென்றால் கூறுபோடக் கூடாது.

கட்டுரையைப் படித்து மதிப்பிடும் மதிப்பாய்வாளர்களைப் பரிந்துரைக்கச் சொல்லி இதழ் கேட்டால், அண்மையில் உங்களோடு சேர்ந்து எழுதியவர்களையும் உங்கள் நிறுவனத்தாரையும் தவிர்த்து, நிறுவன மின்னஞ்சல் முகவரிகளையே கொடுங்கள். அதிர்வியல் ஆய்விதழ் ஒன்று 2014இல் 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, போலி முகவரிகளைக் கொண்டு தங்கள் கட்டுரைகளைத் தாங்களே மதிப்பிடும் வளையம் ஒன்று இயங்கியது தெரிந்ததால்தான். மதிப்பாய்வு செய்வது நீங்கள் என்றால், வந்த கட்டுரையைப் பொதுவில் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளில் ஏற்றாதீர்கள். அது இரகசியமாக உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆய்வு முடிவைச் சாய்க்கக்கூடிய பணத் தொடர்பு போன்றவற்றைச் சொல்லும் நலன் முரண் படிவம் ஒன்று உண்டு. மேலே சொன்ன மருத்துவ இதழ்க் குழுவின் படிவத்தில் கடந்த 36 மாதங்களில் இருந்த தொடர்புகள் கேட்கப்படும். சந்தேகமாக இருப்பதையும் எழுதிவிடுங்கள். வெளிப்படையாகச் சொன்ன தொடர்பு ஒரு வரியோடு முடியும். மறைத்தது வெளியே வந்தால் முழுக் கட்டுரையையும் சந்தேகிப்பார்கள்.

இதழையும் சோதியுங்கள். சில நாட்களில் ஏற்பு என்ற வாக்குறுதி, கட்டணம் எங்கும் தெளிவாக இல்லாமை, தளத்தின் முகவரியில் ஓரெழுத்து வித்தியாசம் போன்றவை எச்சரிக்கை மணி. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்களின் ‘டோஆஜ்’ (DOAJ) பட்டியலில் இருப்பதாகச் சின்னம் போட்டிருந்தால், அந்தப் பட்டியலுக்கே போய்த் தேடிப் பாருங்கள்.

வெளியான பிறகு பிழை தெரிந்தால் இணை ஆசிரியர்கள் அனைவரிடமும் சொல்லி, பதிப்பாசிரியருக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். எந்த அட்டவணை, எந்த எண், சரியான எண் என்ன, முடிவு மாறுகிறதா என்ற நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். முடிவு நிற்கும் என்றால் திருத்தக் குறிப்பு போதும். நிற்காது என்றால் திரும்பப் பெறக் கோருங்கள். கேள்வியோடு கடிதம் பதிப்பாசிரியரிடமிருந்து வந்தால் குறித்த தேதிக்குள், அசல் தரவோடு பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அவருடைய அடுத்த கடிதம் உங்கள் நிறுவனத்துக்குப் போகும்.