பிரசவத் தேதிக்கு முன் மருத்துவரிடம் பேசுவது எப்படி? முதல் முறை தாயாகப் போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

"சுகப்பிரசவம் ஆகுமா, டாக்டர்?" பிரசவம் நெருங்கும்போது மருத்துவரிடம் பலரும் முதலில் கேட்கும் கேள்வி இதுவே, உறுதியாக விடை சொல்ல முடியாத கேள்வியும் இதுவே. வலி எடுக்கும் நாளில் கருப்பைச் சுருக்கங்கள் எவ்வளவு வலுவாக இருக்கும், குழந்தையின் தலை எந்தக் கோணத்தில் இறங்கும், அதன் இதயத் துடிப்பு சீராக இருக்குமா என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே துல்லியமாகச் சொல்லிவிட எந்தப் பரிசோதனையும் இல்லை. ஆகவே மருத்துவர் "பார்க்கலாம்" என்று சொல்ல, கேட்டவர் அதே கவலையோடு வெளியே வருகிறார். "வலி வந்தும் கருப்பை வாய் திறக்காமல் நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், அதன்பின் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் மருத்துவரிடம் தெளிவான பதில் இருக்கும். அத்தகைய பதில்களைப் பெறும் வழிமுறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எப்போது பேசுவது என்று முடிவு செய்யுங்கள்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டி வருவதே பிரசவத் தேதி. முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேனைக் கொண்டு அது திருத்தப்பட்டிருக்கலாம். அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான். 37 வாரம் முடிந்தபின் எந்த நாளிலும் வலி எடுக்கலாம். எனவே 32 முதல் 34 வாரத்துக்குள் ஒருமுறை விரிவாகப் பேசிவிட்டு, குழந்தையின் தலை கீழே திரும்பியிருக்கிறதா என்று தெரியவரும் 36-ஆம் வாரத்தில் மறுபடியும் பேசுவது நல்லது. வழக்கமான பரிசோதனை நாளில் சில நிமிடங்களே கிடைக்கும் என்றால், "பிரசவம் குறித்துப் பேச வேண்டும், கூடுதல் நேரம் ஒதுக்க முடியுமா?" என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

படி 2: உங்களைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பை எழுதுங்கள்

மருத்துவக் கோப்பில் எல்லாம் இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் நள்ளிரவில் வலியோடு போகும்போது பணியில் இருக்கும் மருத்துவர் உங்களை முதன்முறையாகப் பார்ப்பவராக இருக்கக்கூடும். தடித்த கோப்பைப் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது. ரத்த வகை, ஹீமோகுளோபின் அளவு, சர்க்கரைப் பரிசோதனை முடிவு, ரத்த அழுத்தம், ஒவ்வாமை, முன்பு செய்த அறுவை சிகிச்சைகள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் சில செய்திகள் பிரசவ அறையின் முடிவுகளையே மாற்றிவிடும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால், பிரசவத்தின்போது ஏற்படும் ரத்த இழப்பைத் தாங்கும் ஆற்றல் குறையும் என்பதால், மீதமுள்ள வாரங்களில் அதை உயர்த்த என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். ரத்த வகை நெகட்டிவாக இருந்தால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 28-ஆம் வாரத்தையொட்டிப் போடப்பட்டதா என்பதையும், குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் போட ஏற்பாடு உண்டா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு முதுகுத் தண்டுவடத்தையொட்டி மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் குறிப்பிட்ட இடைவெளி தேவைப்படும். கடைசி ஊசியை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகளையும் மூலிகை மருந்துகளையும் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவற்றையும் எழுதுங்கள்.

படி 3: கேள்விகளை "நடந்தால்" என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள்

இந்த விளக்கத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். உங்கள் மனத்தில் இருக்கும் அச்சத்தையோ விருப்பத்தையோ எடுத்துக்கொண்டு, அது எந்தச் சூழலில் எழும் என்று யோசித்து, அந்தச் சூழலில் என்ன செய்யப்படும் என்று கேளுங்கள். "எனக்கு வெட்டு வேண்டாம்" என்பது விருப்பம். "பிறப்புறுப்பில் வெட்டு போடுவது இங்கே வழக்கமாகவே செய்யப்படுகிறதா, தேவைப்படும்போது மட்டுமா, தேவை என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?" என்பது கேள்வி. எல்லோருக்கும் வழக்கமாக வெட்டு போடுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. குழந்தையை விரைந்து வெளியே எடுக்க வேண்டிய நிலை போன்ற காரணங்களுக்காக அது தேவைப்படலாம். மருத்துவமனையின் நடைமுறை என்ன என்பது இந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

"நீங்களே பிரசவம் பார்ப்பீர்களா?" என்று கேட்கத் தயங்குபவர்கள் உண்டு. "எனக்கு வலி எடுக்கும்போது நீங்கள் ஊரில் இல்லையென்றால் யார் பார்ப்பார்கள், அவருக்கு என் விவரங்கள் எப்படித் தெரியும்?" என்று கேட்டால் தயக்கத்துக்கே இடமில்லை. உடன் ஒருவர் இருக்க அனுமதி உண்டா, அவசர அறுவை சிகிச்சை என்றால் அவரும் உள்ளே வரலாமா என்பவையும் இதே வகைக் கேள்விகள். பெண் தானே தேர்ந்தெடுத்த ஒருவர் பிரசவத்தின்போது உடனிருப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

எங்கிருந்தோ நகலெடுத்த பல பக்க விருப்பப் பட்டியலை நீட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணியில் இருப்பவர் அதைப் படிக்கப் போவதில்லை. படித்தாலும் எது உங்களுக்கு உண்மையில் முக்கியம் என்று அதிலிருந்து தெரியாது. உங்களுக்கு முதன்மையான ஐந்தாறு கேள்விகளை மேலே எழுதுங்கள், நேரம் இருந்தால் மற்றவற்றுக்குப் போகலாம்.

படி 4: எப்போது புறப்பட வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கேளுங்கள்

"வலி வந்தால் வாருங்கள்" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். வருவதும் போவதுமாக, நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும் பொய்வலி கடைசி வாரங்களில் இயல்பானது. உண்மையான வலியில் இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலு கூடிக்கொண்டே போகும். முதல் பிரசவத்துக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் தொடர்ந்து வலித்தால் புறப்படலாம் என்பது பல மருத்துவமனைகள் சொல்லும் பொதுவான கணக்கு. உங்கள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தொலைவைச் சொல்லி, அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

வலிக்காகக் காத்திராமல் உடனே செல்ல வேண்டிய நிலைகள் தனி. பனிக்குடம் உடைந்து நீர் வந்தால் நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவமனையை அழைக்க வேண்டும். நீர் பச்சையாகவோ துர்நாற்றத்தோடோ இருந்தால் தாமதிக்கவே கூடாது. மாதவிலக்கு போன்ற ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், வயிற்றின் மேற்பகுதியில் வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவையும் அப்படிப்பட்டவை. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் வரை பொறுத்துப் பார்க்கக் கூடாது. கடைசி வாரங்களில் அசைவு குறைவது இயல்பு என்று யாராவது சொன்னால் அது தவறு. இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண்ணை இந்தச் சந்திப்பிலேயே வாங்கிவிடுங்கள்.

படி 5: வலியைக் குறைக்கும் வழிகளைப் பற்றிப் பேசுங்கள்

எபிடியூரல் (பிரசவ வலியைக் குறைக்க முதுகுத் தண்டுவடத்தையொட்டிச் செலுத்தும் மருந்து) வேண்டுமா வேண்டாமா என்று முன்பே முடிவு செய்ய வேண்டியதில்லை. அது கிடைக்குமா என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். அதைக் கொடுப்பவர் மயக்கவியல் மருத்துவர் என்பதால், அவர் இரவிலும் விடுமுறை நாட்களிலும் இருப்பாரா என்பதே முதல் கேள்வி. எபிடியூரலால் சிசேரியன் வாய்ப்பு கூடிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. குழந்தையைத் தள்ளும் கட்டம் சற்று நீளலாம், ரத்த அழுத்தம் குறையலாம், கால்கள் மரத்துப்போகலாம், சிறுநீர்க் குழாய் பொருத்த வேண்டியிருக்கலாம். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக உள்ளவர்களும் மயக்கவியல் மருத்துவரை முன்கூட்டியே தனியாகச் சந்திக்கக் கேட்க வேண்டும். வலி ஊசி, சுவாசிக்கும் வாயு, வெந்நீர்க் குளியல், நடமாட்டம் ஆகியவற்றில் எவை அங்கே உண்டு என்றும் கேளுங்கள்.

படி 6: திட்டம் மாறும் சூழல்களைப் பற்றிக் கேளுங்கள்

தேதி கடந்தும் வலி வராவிட்டால் எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்று கேளுங்கள். 41 வாரத்தைக் கடக்கும்போது வலியைத் தூண்டுவது குறித்துப் பேசுவது பரவலான நடைமுறை. கருப்பை வாய் இன்னும் கெட்டியாக இருக்கும் நிலையில் தூண்டினால், முதல் பிரசவத்துக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்பது தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் வீணான பதற்றம் இராது.

36-ஆம் வாரத்திலும் குழந்தையின் தலை மேலே இருந்தால், வயிற்றின் மீது கை வைத்து மெல்லத் திருப்பும் முறை உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். அது ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலன் தரும். அவசரக் காரணம் ஏதுமின்றித் திட்டமிடும் சிசேரியன் பொதுவாக 39 வாரத்துக்குப் பின் வைக்கப்படுகிறது, அதற்கு முன் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால். அதற்கு முந்தைய தேதி கொடுக்கப்பட்டால் மருத்துவக் காரணம் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

படி 7: பிறந்த பிறகான முதல் நேரத்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள்

தாயும் சேயும் நலமாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவார்களா, குழந்தையை உடனே தாயின் நெஞ்சில் வைப்பார்களா, முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க உதவுவார்களா, சிசேரியன் ஆனால் இவற்றில் எவை மாறும் என்று கேளுங்கள். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போடப்படுவது ரத்தக்கசிவைத் தடுப்பதற்காக. கருத்தடை பற்றி இப்போதே பேசுவதா என்று தோன்றும். ஆனால் கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தைப் பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் பொருத்திக்கொள்ள விரும்பினால், வலி தொடங்கும் முன்பே யோசித்து ஒப்புதல் தெரிவித்திருப்பது நல்லது.

படி 8: பேசியதைக் கோப்பில் ஏற்றுங்கள்

உடன் வருபவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். சந்திப்பின் முடிவில், "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று முக்கியமான முடிவுகளை உங்கள் சொற்களில் திரும்பச் சொல்லிவிட்டு, அவற்றை மருத்துவர் தம் கையால் கோப்பில் எழுதும்படி கேளுங்கள்; அடுத்து பணிக்கு வருபவர் நம்புவது அந்தக் கையெழுத்தைத்தான். 36-ஆம் வாரச் சந்திப்பில் ரத்த அழுத்தம், குழந்தையின் எடை, தலையின் நிலை ஆகியவற்றில் ஏதேனும் மாறியிருந்தால், எழுதியவற்றில் எது இனிப் பொருந்தாது என்று கேட்டு அந்த இடத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பக்கத்தின் ஒரு நகலை மருத்துவமனைப் பையிலும், இன்னொன்றை உடன் வருபவரிடமும் வைத்திருங்கள்.