கூட்ட முடிவில் ‘ரீகப்’ செய்வது எப்படி

விவசாயிகளின் சிறுபோகப் (ஆண்டின் சிறிய நெற்பருவம்) பயிர்ச்செய்கைக் கூட்டம் முடியும் தறுவாயில், “செயலாளர், ஒருக்கா ரீகப் பண்ணி விடுங்கோ” என்று, அதாவது பேசி முடித்ததைத் தொகுத்துச் சொல்லும்படி, யாராவது கேட்டதும், கொப்பியை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவதே இலங்கையின் வன்னியில் நான் அதிகம் கண்ட பிழையாகும். நன்னூல் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்த ‘கூறியது கூறல்’ அதுவே. ரீகப் என்ற சொல்லின் பிறப்பை அறிந்தவர் அப்படிச் செய்யமாட்டார்.

‘ரீகபிற்றியுலேற்’ என்ற நீண்ட ஆங்கில வினையின் குறுக்கமே ரீகப். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த அவ்வினையின் வேர் இலத்தீன். அம்மொழியில் ‘கபுட்’ என்றால் தலை. ‘கபிற்றுலும்’ என்றால் சிறு தலை, அதாவது நூற்பிரிவின் தலைப்பு. ‘ரீ’ என்பது மீண்டும் எனப் பொருள்படும். தமிழிலும் தலையிலிருந்தே தலைப்புப் பிறந்ததால், தலைப்புகளின் வழியே மீண்டும் ஒருமுறை செல்லுதல் என்ற இதன் பொருளை நாம் எளிதாகப் பற்றிக்கொள்ளலாம். ‘ரீ’ நீங்கிய ‘கபிற்றியுலேற்’ என்ற வடிவம், உடன்படிக்கையைத் தலைப்புவாரியாக வரைதல் என்ற பொருளிலிருந்து நகர்ந்து, இன்று சரணடைதலைக் குறிக்கிறது; மொழிபெயர்ப்போர் இவ்விரண்டையும் மாற்றிவிடுவது நம் மண்ணில் சிறு பிழையாகாது.

சுருக்கம் எனப் பொருள்படும் ‘சமரி’ வேறு. உரோமர் எண்களைக் கீழிருந்து மேலாகக் கூட்டித் தொகையை உச்சியில் எழுதியதால், உச்சியைக் குறித்த இலத்தீன் வேரிலிருந்து அச்சொல் வந்தது. சமரியைக் கூட்டத்துக்கு வராதவருக்கும் கொடுக்கலாம். ரீகப் பெரும்பாலும் இருந்து கேட்டவருக்கே உரியது. ஆகவே அதில் விளக்கம் வேண்டியதில்லை.

கூட்டம் நடக்கும்போதே தாளின் இடப்பக்கத்தில் தலைப்புகளை மட்டும் எழுதுங்கள்: வாய்க்கால் துப்புரவு, துருசு (குளத்து மதகு) திறக்கும் நாள், விதைநெல், கட்டாக்காலி மாடுகள். வலப்பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் எதை, யார், எப்போது செய்வது என்பதை மட்டும் குறியுங்கள். மாடுகளைப் பற்றி அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்திருக்கும். போன போகத்தில் யாருடைய மாடு யாருடைய வயலை மேய்ந்தது என்பதெல்லாம் பேசப்பட்டிருக்கும். ரீகப்பில் அது ஒரே வரியாக வேண்டும்: “மாடுகள்: விதைப்புத் தொடங்கும் நாள் முதல் கட்டி வளர்க்க வேண்டும், மீறினால் தண்டம்.” பெயரும் பழங்கதையும் அதற்குள் வந்தால் வாக்குவாதம் மீண்டும் எழும்பும்.

முடிவு எட்டாத தலைப்பையும் விட்டுவிடக் கூடாது. “விதைநெல்: முடிவில்லை, அடுத்த கூட்டத்தில்” என்று சொல்லாவிட்டால், ஆளுக்கொரு முடிவுடன் வீடு செல்வர். பேசப்படாத எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். அது எவ்வளவு நல்ல யோசனையாயினும் அடுத்த கூட்டத்துக்குரியது. பேச்சு நடந்த ஒழுங்கைவிட வேலை நடக்கும் ஒழுங்கில் சொல்வதே சிறந்தது என்பது என் துணிபு: வாய்க்கால் துப்புரவாகாமல் துருசைத் திறந்து பயனில்லை.

தொல்காப்பிய மரபியல் உத்திகளுள் ஒன்றான ‘தொகுத்துக் கூறல்’ என்பதை இதற்குத் தமிழ்ப் பெயராக வைக்கலாம். நன்னூலார் ‘சுருங்கச் சொல்லல்’ என்ற அழகை அடுத்து ‘விளங்க வைத்தல்’ என்பதையும் வைத்திருப்பதால், ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் சற்று நிறுத்தி, பின்வரிசையில் இருப்பவர் முகத்தையும் பாருங்கள். யாராவது நாளைத் திருத்தினால் அந்த இடத்திலேயே திருத்தி, அந்த வரியை மட்டும் மறுபடி வாசித்த பின்னரே கூட்டறிக்கையில் ஏற்றுங்கள்.